பனியில் கண் விழிக்கும் விதை

மகள் பிரசவத்துக்காக இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்குப் போயிருந்தேன். 1864-இல் திறந்த தொங்குபாலத்தில் நின்றால் கீழே ஏவான் ஆறு, இருபுறமும் சுண்ணாம்புப் பாறை. அங்கேதான் 'பிரிஸ்டல் ஒயிட்பீம்' மரம். இலையின் அடிப்பக்கம் வெள்ளை வெல்வெட் மாதிரி! உலகிலேயே இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும்தான் இயற்கையாக வளர்கிறது. சுமார் 300 மரங்களே உண்டு.

பக்கத்து வீட்டம்மா தன் தோட்டத்து மரத்தின் பழத்தைப் பிசைந்து, விதையைக் கழுவி, தொட்டியில் ஊன்றி வாசலிலேயே வைத்தார்.

"ஐயோ, பனி கொட்டுதே! உள்ளே வைக்கலாமே?" என்றேன்.

"குளிர் பட்டால்தான் முளைக்கும்" என்று சிரித்தார்.

வசந்தம் வந்ததும் இரண்டு இலை எட்டிப் பார்த்தது. இந்த மரத்தின் கன்று அச்சு அசல் தாயேதானாம்! மடியிலிருந்த பேத்தியைப் பார்த்தேன். அவளும் அப்படித்தான். நான் ஊர் திரும்பும்போது, ஒரு கன்று மகள் தோட்டத்தில் நின்றது. இரண்டும் சேர்ந்து வளரட்டும்.