பித்தளையில் ஒரு ஜன்னல் கம்பி

நம் ஊர் ரயிலை நம் ஊர் ரயிலாகக் காட்டுவது எஞ்சின் அல்ல, ஜன்னல் கம்பி. கம்பியில் முகத்தைப் பதித்து, நெற்றியில் துருக்கோடு வாங்கிய குழந்தைகள்தானே நாம் எல்லோரும்! வில்லிவாக்கத்தில் குடியிருக்கும் அந்த இன்ஷூரன்ஸ் அலுவலகக்காரருக்கு, அந்தக் கம்பிதான் இரண்டு வருடத் தலைவலியாக இருந்தது.

வீட்டில் ரயில் மாடல் செய்வது அவருடைய பொழுதுபோக்கு. பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் 1955-ல் தொடங்கி 2018 வரை தயாரான பழைய வகைப் பெட்டி ஒன்றை, 87-ல் ஒரு பங்கு அளவில் செய்ய ஆசைப்பட்டார். 21 மீட்டருக்குச் சற்றே நீளமான பெட்டி இந்தக் கணக்கில் இருபத்து நாலரை சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். சுவர், கூரை எல்லாம் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டியாகிவிட்டது. ஆனால் கம்பி? நிஜத்தில் விரல் தடிமன்தான். மாடலில் அது ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர். இரண்டு தலைமுடியைச் சேர்த்து வைத்தது போல. ஒரு பெட்டிக்கு முப்பதுக்கு மேல் ஜன்னல். நூலைக் கட்டிப் பார்த்தார், தொய்ந்தது. செம்புக் கம்பியை ஒட்டிப் பார்த்தார், வளைந்தது. கடைகளில் தேடிய வரையில் கிடைக்கவில்லை. (கம்பியை அளக்க ஸ்கேலோடு பிளாட்பாரத்தில் நின்றபோது ரயில்வே போலீஸ்காரர் வந்து விசாரித்தது தனிக்கதை. அவரும் கடைசியில் ஸ்கேலின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தார்.)

மிச்சமிருந்த ஒரே வழி, பித்தளைத் தகட்டில் வேண்டாத இடத்தை ரசாயனத்தால் அரித்தெடுப்பது. வெளிநாட்டு மாடல்காரர்கள் இதை வீட்டிலேயே செய்கிறார்கள். முதலில் கம்ப்யூட்டரில் படம் வரைந்து, லேசர் பிரின்டரில் கண்ணாடித் தாளில் நெகட்டிவாக அச்சிட வேண்டும். தகட்டை நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஒளிபட்டால் இறுகும் நீல ஃபிலிமை இருபுறமும் லேமினேட்டரில் ஒட்ட வேண்டும். அதன்மேல் நெகட்டிவை வைத்துப் புற ஊதா விளக்கைக் காட்டினால், வெளிச்சம் பட்ட ஃபிலிம் இறுகிக்கொள்ளும். படாத இடத்தை, லிட்டருக்குப் பத்து கிராம் சலவை சோடா கலந்த தண்ணீர் கரைத்துவிடும். பிறகு ஃபெரிக் குளோரைடு கரைசல் திறந்திருக்கும் பித்தளையைத் தின்னும். புற ஊதா விளக்குக்கு அவர் எங்கும் போகவில்லை. கல்லூரியில் படிக்கும் மகள் நகப்பூச்சு உலர்த்த வைத்திருந்த சின்ன விளக்கே போதுமானதாக இருந்தது. ஃபெரிக் குளோரைடு ரிச்சி தெருவில் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை இரவு, குளியலறையில் மஞ்சள் பல்பு மாட்டிக்கொண்டு வேலை நடந்தது. சாதாரண டியூப் லைட் இருந்தால் ஃபிலிம் தானே இறுகிவிடும். மூன்று தகடு போட்டார். மூன்றிலும் சட்டம் இருந்தது, கம்பி இல்லை. கரைந்தே போயிருந்தது. போதாக்குறைக்கு, குளியலறைத் தரையில் துருநிறத்தில் ஒரு கறை. ஃபெரிக் குளோரைடு கறை லேசில் போகாது. மனைவி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலை, குப்பைக்கூடையில் கிடந்த தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார் மாமனார். மாமியார் போன பிறகு மகள் வீட்டுக்கு வந்தவர். இரண்டு வருடங்களாக பால்கனி நாற்காலி, பேப்பர், சாப்பாடு, தூக்கம். மாப்பிள்ளையோடு பேச்சு என்றால் "சாப்டாச்சா மாமா?", "ஆச்சு மாப்பிள்ளை." அவ்வளவுதான்.

அன்று அவரே பேச்சை ஆரம்பித்தார்.

"தகடு என்ன கனம் மாப்பிள்ளை?"

"0.2 மில்லிமீட்டர், மாமா."

"கம்பியை என்ன அகலத்துல வரைஞ்சீங்க?"

"0.15."

"அப்ப எப்படி நிக்கும்? கீழே எது, பக்கம் எதுன்னு அதுக்குத் தெரியுமா? திறந்த இடத்தையெல்லாம் தின்னும். மேலேயிருந்து உள்ளே போகப் போக, பக்கவாட்டிலும் தின்னுக்கிட்டே போகும். தகட்டோட கனத்தைவிட மெலிசா கம்பி கேட்டா மிஞ்சாது."

மாப்பிள்ளை அயர்ந்துபோனார். மாமனார் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் என்று மட்டுமே அவருக்குத் தெரியும். அதற்கு முன்பு, பதினாறு வயதில் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் அவர் பிளாக் பட்டறையில் இருந்தவர்.

பிளாக் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆஃப்செட் வருவதற்கு முன், எழுத்து கோத்து அச்சடித்த காலத்தில், பத்திரிகையில் ஒரு போட்டோ வரவேண்டுமென்றால் அதை உலோகத் தகட்டில் புள்ளிகளாக மாற்ற வேண்டும். தகட்டில் ஒளி உணரும் பசையைப் பூசி, நெகட்டிவை வைத்து, கண் கூசும் ஆர்க் விளக்கில் காட்டி, பிறகு அமிலத் தட்டில் போட்டு ஆட்டுவார்கள். துத்தநாகம் என்றால் நைட்ரிக் அமிலம், செம்பு என்றால் இதே ஃபெரிக் குளோரைடு. பக்கவாட்டில் தின்னாமல் இருக்க, 'டிராகன் பிளட்' என்ற சிவப்புப் பிசின் தூளைப் புள்ளிகளின் ஓரத்தில் பிரஷ்ஷால் ஒதுக்கி, சூடுகாட்டி உருக்கி, மறுபடி அமிலத்தில் போடுவார்கள். பிறகு இன்னொரு தடவை. நம் தாத்தா பாட்டி பைண்டு செய்து வைத்த வாரப் பத்திரிகைகளில் சிரிக்கும் நடிகைகளெல்லாம் அப்படி அரித்தெடுக்கப்பட்டவர்கள்தான். மாடல்காரர்களின் பித்தளை வேலையும் அந்தப் பட்டறைத் தொழிலின் பேரன்தான். போனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டும் கிட்டத்தட்ட அதே குடும்பம்.

அடுத்த ஞாயிறு இருவரும் சேர்ந்து செய்வதாகப் பேச்சு. அங்கேதான் மகள் குறுக்கே நின்றார்.

"அப்பா மறுபடி ஆசிட் பக்கம் போகக் கூடாது."

அவருக்குக் காரணம் இருந்தது. நைட்ரிக் அமிலம் துத்தநாகத்தைத் தின்னும்போது செம்பழுப்புப் புகை கிளம்பும். நுரையீரலுக்கு அது விஷம். சின்ன வயதில் இரவெல்லாம் அவர் கேட்டது அப்பாவின் இருமல். அம்மா வெந்நீர் வைத்துக்கொண்டு விழித்திருந்ததும் ஞாபகம் இருக்கிறது. ஆஃப்செட் வந்து பட்டறை மூடியபோது அப்பா அழுதார். அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். ஒரே வீட்டில், ஒரே நாளில்.

"இது அந்தப் புகை இல்லம்மா" என்றார் பெரியவர். உண்மைதான், பித்தளையைத் தின்னும்போது ஃபெரிக் குளோரைடு அந்தச் செம்பழுப்புப் புகையை விடுவதில்லை. ஆனால் அதுவும் அமிலத்தன்மை உள்ளதுதான். தோலுக்கும் கண்ணுக்கும் ஆகாது. அதைச் சாதாரணமாக நினைப்பவர்கள் இந்த வேலைக்கு வராமல் இருப்பதே நல்லது.

ஒரு நாள் முழுக்க வீட்டில் சத்தமில்லை. பிறகு மகளே நிபந்தனைகளைச் சொன்னார். குளியலறையில் கூடாது, பால்கனியில்தான். கையுறை, கண்ணாடி கட்டாயம். சமையலறைப் பாத்திரம் எதுவும் வெளியே போகக் கூடாது. ஒரு சொட்டுகூடச் சாக்கடைக்குப் போகக் கூடாது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து சொல்லலாம், தட்டைத் தொடக் கூடாது.

சாக்கடை விஷயத்தில் அவர் சொன்னது முழுக்கச் சரி. வேலை முடிந்த கரைசலில் செம்பும் துத்தநாகமும் கரைந்திருக்கும். ஏரிக்குப் போனால் மீனுக்கு ஆகாது. சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் நுரைத்து, வண்டல் அடியில் தங்கும். அதை பிளாஸ்டிக் கேனில் மூடி, தேதி எழுதி வைத்திருக்கிறார்கள். சர்க்யூட் போர்டு செய்யும் தெரிந்தவர் ஒருவர், தன் பட்டறைக் கழிவோடு சேர்த்து முறையாக அனுப்பச் சம்மதித்திருக்கிறார்.

இந்த முறை தகடு 0.1 மில்லிமீட்டர். கம்பியை 0.2 என்று வரைந்தார்கள், பக்கவாட்டில் தின்றதுபோக 0.15 மிஞ்சட்டும் என்று. முன்பக்க நெகட்டிவும் பின்பக்க நெகட்டிவும் கண்ணாடிப் பிம்பமாக ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். மாப்பிள்ளை திருப்பித் திருப்பிப் பார்த்துக் குழம்பியபோது, பெரியவர் ஒரே பார்வையில் "இடதை மாத்துங்க" என்றார். எழுத்தைத் தலைகீழாகவும் இடவலமாகவும் வாசித்தே பழகிய கண்.

பிளாஸ்டிக் தட்டை, வெந்நீர் ஊற்றிய பெரிய டப்பாவுக்குள் வைத்தார்கள். கரைசல் கொஞ்சம் சூடாக இருந்தால் வேகமாகவும் சீராகவும் தின்னும். மாப்பிள்ளை ஆட்டினார். "அலை அடிக்கக் கூடாது... தொட்டில் ஆட்டற மாதிரி... இப்ப திருப்புங்க." கடிகாரம் பக்கம் பெரியவர் திரும்பவே இல்லை. ஒரு கட்டத்தில் கையுறை மாட்டிய இன்னொரு கையும் தட்டைப் பிடித்திருந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து மகள் அதைப் பார்த்தார். உள்ளே போய் குக்கரை வைத்தார்.

கழுவி எடுத்தபோது, சட்டத்துக்குள் வரிசையாகக் கம்பிகள். ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. அவசர வழி ஜன்னலுக்கு மட்டும் கம்பி இல்லாமல் சரியாக விட்டிருந்தார்கள்.

பெட்டி இப்போது ஹால் அலமாரியில் நிற்கிறது. அடுத்து, பக்கவாட்டில் மாட்டும் ஊர்ப்பலகை. எழுத்தைச் சுற்றி மட்டும் பாதி ஆழத்துக்கு அரித்து, பள்ளத்தில் பெயின்ட் நிரப்பினால் பித்தளை எழுத்து மின்னும். கம்ப்யூட்டரில் இருக்கும் தமிழ் எழுத்துருக்கள் எதுவும் பெரியவருக்குப் பிடிக்கவில்லை. பெரிய தாளில் தானே எழுதித் தருகிறேன், சுருக்கிக்கொள்ளுங்கள் என்றிருக்கிறார். 'மதுரை' முடிந்துவிட்டது. 'எழும்பூர்' நான்காவது தாளில் இருக்கிறது, 'ழு'வின் சுழி அவர் நினைத்தபடி வரவில்லையாம்.