ட்ரெபிட் என்றொரு சொல்



'இன்ட்ரெபிட்' என்றால் 'அஞ்சாத' என்று உங்களில் பலருக்குத் தெரியும். முன்னால் நிற்கும் 'இன்' லத்தீனில் 'இல்லாத' என்ற பொருள் தருவது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 'ட்ரெபிட்': அஞ்சுகிற, நடுங்குகிற. பதறுவதைக் குறிக்கும் 'ட்ரெபிடஸ்' என்ற லத்தீன் சொல்தான் இதற்கு மூலம். இன்று இதை அகராதியில்தான் தேட வேண்டும். அஞ்சாதவருக்கான சொல் மட்டும் பிழைத்துக்கொண்டது.

தமிழிலும் பேம், நாம், உரும் ஆகிய மூன்றும் அச்சத்தைக் குறிக்கும் என்கிறது தொல்காப்பிய உரியியல். அவையும் வழக்கில் இல்லை. 'பயந்தாங்கொள்ளி' மட்டும் வீட்டுக்கு வீடு உயிரோடு இருக்கிறது!

ஆடித்தபசுக்கு வந்திருந்த பழைய மாணவர் ஒருவர், "என் பையன் சார், சரியான பயந்தாங்கொள்ளி" என்றே அறிமுகம் செய்தார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். வகுப்பில் புத்தகம் நடுங்க எழுந்து நின்று, ஆனாலும் பாடத்தை வாசித்து முடித்தவர்தான் அந்த அப்பாவும்.

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதை 'அறிவுடைமை' அதிகாரத்தில் வைத்தார் வள்ளுவர். பிள்ளைகள் நடுங்கினால் பட்டப்பெயர் வைக்காதீர்கள். வாசித்து முடிக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.