அரை மில்லி மருந்து

கினிப்பன்றிக்கு மருந்து கொடுப்பதில் மருந்து கடைசி வேலை. அதற்கு முன்னால் அதைப் பிடிக்க வேண்டும். பிடிப்பதற்கும் முன்னால், நாம் பருந்து இல்லை என்று அதை நம்ப வைக்க வேண்டும். இந்த முதல் காரியம் ஒருநாளும் முழுசாக முடிவதில்லை.

பருந்தை அது மறக்காததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பக்கத்துப் பிராணி அது. சில ஆயிரம் வருடங்களுக்கு முன்பே அங்குள்ளவர்கள் அதை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். கொஞ்சுவதற்கு அல்ல, சமைப்பதற்கு. பெருவில் குஸ்கோ நகரத்துப் பேராலயத்தில் இயேசுவின் கடைசி விருந்தைத் தீட்டிய 18ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று இருக்கிறது. மேசை நடுவில், தட்டில், நான்கு காலும் மேலே தூக்கியபடி கிடப்பது கினிப்பன்றி என்றுதான் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். வெட்டவெளியில் பருந்து, வீட்டுக்குள் அடுப்பு. மேலேயிருந்து இறங்கி வந்த எதுவும் இந்த இனத்துக்கு நல்லது செய்ததில்லை.

எங்கள் வீட்டில் இருப்பதன் பெயர் பட்டாணி. மகள் வைத்த பெயர். பச்சைப் பட்டாணித் தோலை அது தின்னும் வேகத்தைப் பார்த்தவர்கள் பெயருக்குக் காரணம் கேட்க மாட்டார்கள். போன மழைக்காலத்தில் தும்ம ஆரம்பித்தது. அடுத்து ஒரு கண்ணோரத்தில் பீளை கட்டியது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு ஒரு ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து எழுதினார். "ரெண்டு வேளை, வேளைக்கு அரை மில்லி, ஏழு நாள். ரெண்டாம் நாளே நல்லாயிட்ட மாதிரி தெரியும், நிறுத்திடாதீங்க சார்." நாய்க்கும் பூனைக்கும் நடுவே வரிசையில் உட்கார்ந்து வாங்கி வந்த மருந்து. வாயில் வைத்துப் பார்த்தேன். வேப்பங்கொழுந்து தோற்றது.

வீட்டுக்கு வருகிறவர்கள் பட்டாணியை மடியில் வைத்துக்கொண்டு, "எவ்வளவு சமத்தா உக்காந்திருக்கு பாருங்க" என்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அது சமத்து இல்லை, கிலி. ஓட வழியில்லை என்று தெரிந்தால் கினிப்பன்றி உறைந்துவிடும். கண் ஓரத்தில் வெள்ளை தெரியும். எந்நேரமும் அசைந்துகொண்டிருக்கும் மூக்கு நின்றுபோகும். அந்த நேரத்தில் நெஞ்சுக்கடியில் விரல் வைத்தால், துடிப்பு என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு நடுக்கம் கையில் ஏறும். சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 200 தடவைக்கு மேல் அடிக்கிற இதயம் அது. பயம் தெளிந்த கினிப்பன்றி சும்மா உட்காராது. நெளியும், மோந்து பார்க்கும், சட்டைப் பித்தானைக் கடிக்கும். மருந்து நேரத்தில் அது முரண்டு பிடித்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதிதான்.

என் அம்மாவுக்கு இது புரியாது. அவர் பேரன் பேத்திகளைக் காலில் போட்டு, சங்கில் கஷாயம் புகட்டிப் பழகியவர். குழந்தை வீறிடும், பாதி வெளியே வரும், மீதி உள்ளே போகும், காரியம் முடிந்தது. பட்டாணிக்கு அந்த வித்தை ஆகாது. மல்லாத்திப் பிடித்து ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். ஏற்கெனவே சளி கட்டிய மார்பு. விழுங்கியது ஒத்துக்கொள்ளாவிட்டாலும் வாந்தி எடுக்க அதற்கு வராது. சங்கை வைத்துவிட்டு அம்மா மறுகோடிக்குப் போனார்: "பாவம்டா, பயப்படுது. விட்டுட்டு அப்புறமாக் குடு." இந்த 'அப்புறமா'தான் ஆபத்து. கூண்டுக்குள் கையை விடுவது, அது ஓடினதும் எடுப்பது, கொஞ்சிப் பேசுவது, மறுபடி விடுவது என்று இரக்கத்தில் கால்மணி நேரம் போனால், அது அந்தப் பிராணிக்குக் கால்மணி நேர வேட்டை. தயங்கித் தயங்கி வரும் கை, பதுங்கி வரும் கை மாதிரியே இருக்கிறது. மளமளவென்று ஒரே நிமிடத்தில் முடித்துக் கூண்டில் விட்டுவிடுகிறவன் பார்க்கக் கொஞ்சம் கல்நெஞ்சனாகத் தெரியலாம். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

எல்லாம் முன்கூட்டியே எடுத்து வைத்திருக்க வேண்டும். ஊசி கழற்றிய ஒரு மில்லி சிரிஞ்சில் மருந்து, மேசையில் வழுக்காமல் ஒரு துணி, பக்கத்தில் ஈரோட்டுத் துண்டு. பட்டாணி ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி உண்டு. அதைத் துரத்துவதில்லை, பெட்டிக்குள் போனதும் பெட்டியோடு தூக்கி மேசைக்குக் கொண்டுவந்துவிடுவேன். பிறகு ஒரு உள்ளங்கை நெஞ்சுக்கு அடியில், இன்னொன்று பின்புறத்தைத் தாங்கி. பின்னங்கால் தொங்கினால் உதறும். உதறினால் முதுகெலும்புக்கு ஆபத்து. துண்டைச் சுற்றிலும் மடித்து முகம் மட்டும் வெளியே. வயிற்றை அமுக்கிப் பிடிக்கக் கூடாது, அது மூச்சுவிட இடம் வேண்டும். இது தப்பிப்பது முன்பக்கமாக அல்ல, பின்பக்கமாக. அதனால் அதன் பிட்டம் என் வயிற்றில் முட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டால் நகர இடமிருக்காது.

இனி வாய். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே ஒரு வெற்றிடம் இருக்கிறது. கடவுள் சிரிஞ்சுக்காகவே விட்டுவைத்த இடம் என்று மகள் சொல்வாள். நேர் எதிரே நீட்டினால் முன்பற்கள் கதவு சாத்திவிடும். உதட்டோரத்தில் பக்கவாட்டாக நுழைத்தால் நாக்கின் மேல் போய் நிற்கும். ஒரு சொட்டு விட வேண்டும். தாடை அசைகிறதா, மெல்லுகிறதா என்று பார்க்க வேண்டும். மென்றால் அடுத்த சொட்டு. அந்த அரை மில்லியை ஒரே அழுத்தில் தள்ளிவிடலாம் என்று கட்டைவிரல் துடிக்கும், விடக் கூடாது. வேகமெல்லாம் பிடிப்பதில் இருக்கட்டும், புகட்டுவதில் வேண்டாம்.

டாக்டர் அன்றைக்கு இன்னொன்றும் அழுத்திச் சொன்னார். வீட்டில் குழந்தைகளுக்கு வாங்கி மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் சிரப்பைத் தப்பித் தவறியும் கொடுத்துவிடக் கூடாது. பென்சிலின் வகை மருந்துகள் கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்று, விஷம் கக்கும் கிருமிகளுக்கு இடம் கொடுத்துவிடும். பிராணி செத்தும் போகும். 1940 மே 25 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரியின் குழு பென்சிலினைச் சோதித்துப் பார்த்தது எட்டு எலிகளிடம். மருந்து போட்ட நான்கும் பிழைத்தன. அன்று கூண்டில் கினிப்பன்றிகள் இருந்திருந்தால், உலகத்தின் பெரிய மருந்து ஒன்று அங்கேயே குப்பைக்குப் போயிருக்கலாம். ஆய்வகத்துக்கென்றே நேர்ந்துவிட்ட பிராணி என்று பேர் வாங்கியது, இந்த மருந்தில் மட்டும் நம் மருந்து வேறு தன் மருந்து வேறு என்று நிற்கிறது.

வைட்டமின் சி விஷயத்தில் அப்படி இல்லை. அதுவும் நம்மைப் போலவே அதை உடம்பில் தயாரிக்கத் தெரியாதது. 1907இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃபிரோலிஷ் என்ற இருவர் வெறும் தானியம் போட்டு வளர்த்த கினிப்பன்றிகளுக்கு ஸ்கர்வி வந்ததால்தான் அந்த நோயின் மர்மம் அவிழத் தொடங்கியது. எனவே மருந்து முடிந்த கையோடு குடைமிளகாயில் ஒரு துண்டு. லஞ்சம், சத்து இரண்டும் ஒன்றாகப் போய்விடும். கசப்பைத் துப்பிக்கொண்டிருந்த வாய் மறுநிமிடம் நறுக்கு நறுக்கென்று மெல்லும். பிடித்தவன் மேல் வன்மம் எதுவும் பாராட்டுவதாகத் தெரியவில்லை.

தும்மல் நின்றதா என்பதைவிட நான் அதிகம் பார்ப்பது எடையை. பலவீனத்தைக் காட்டினால் இரையாகிவிடுவோம் என்று நோயை ஒளிக்கும் பிராணி. தராசை மட்டும் ஏமாற்ற முடியாது. ஒரு நாள் முழுக்கத் தின்னாமல் இருந்தாலே குடல் நின்றுவிடும் என்பதால் மருந்து நாட்களில் தினமும், மற்றபடி வாரம் ஒருமுறை, எவர்சில்வர் கிண்ணத்தில் உட்கார வைத்துச் சமையலறைத் தராசில் நிறுத்து நாட்காட்டியில் குறித்துவிடுகிறோம். இப்போது 900 கிராமைத் தொட்டுவிட்டது. அந்தத் தராசில் இனிமேல் மாவு நிறுக்க மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். இன்னொன்று வாங்க வேண்டும்.