நாவலின் நா

எழுத்தாளனுக்கு எழுத்தைவிடக் குறிகளோடுதான் வழக்கு அதிகம். காற்புள்ளி எங்கே, அரைப்புள்ளி எங்கே என்று ப்ரூஃப் திருத்துபவர்களோடு நான் போட்ட சண்டைகளை எழுதினால் அதுவே ஒரு தொடர்கதை ஆகும். ஆனாலும் ஒரு குறி ஒரு நாவலையே வாசலில் நிறுத்திவைக்கும் என்பதைச் சென்ற மழைக்காலத்தில்தான் கண்டேன்.

வாரப் பத்திரிகைக்கு நான் எழுதிய பழைய தொடர் அது. வெளியான இதழ்களைக் கீழ்பென்னாத்தூர் வீட்டுப் பரணில் கட்டி வைத்திருந்தேன். கரையான் நல்ல ரசிகன். ஒரு வாரம் விடாமல் படித்து முடித்துவிட்டது. மிஞ்சியவை ஒரு பென் டிரைவில் இருந்த 52 கோப்புகள், வாரத்துக்கு ஒன்றாக. பதிப்பாளரோ எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கேட்டார். திருவண்ணாமலையில் கம்ப்யூட்டர் படிக்கும் என் தமக்கை மகள், "எதுக்கு மாமா ஒவ்வொண்ணா எடுத்து ஒட்டுறீங்க? பைத்தான்ல பத்து வரி போதும்" என்று உட்கார்ந்தாள்.

பைத்தான் என்றதும் மலைப்பாம்பை நினைக்க வேண்டாம். குய்டோ வான் ராசம் என்ற டச்சுக்காரர் 1991-ல் வெளியிட்ட கணினி மொழி அது; பெயரை ஓர் ஆங்கில நகைச்சுவைக் குழுவிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

கோப்பைத் திறக்க அதன் முகவரியைச் சொல்ல வேண்டும். நாம் கதவு எண், தெரு, ஊர், மாவட்டம் என்று சிறிதிலிருந்து பெரிதுக்குப் போகிறோம். இயந்திரம் மாவட்டத்தில் தொடங்கிக் கதவுக்கு வருகிறது. எங்கள் ஊர் 1989 வரை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. பழைய நினைவில் யாராவது அப்படியே எழுதினாலும் தபால்காரர் கடிதத்தைச் சேர்த்துவிடுவார். இயந்திரத்துக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.

அவள் எழுதிய முகவரி இது: 'ஈ' என்ற டிரைவ் எழுத்து, ஒரு பின்சாய்கோடு, ஆங்கில எழுத்தில் 'நாவல்', மறுபடி பின்சாய்கோடு, ஆங்கில எழுத்திலேயே 'தொடர்', எண் ஒன்று. 'செல்லாத விவரம்' என்று பதில் வந்தது. கூடவே அது எடுத்துக் காட்டிய முகவரி அவள் எழுதியதேதான். ஓர் எழுத்துப் பிசகில்லை. ஒரு மணி நேரம் போயிற்று. "நான் ஏதாச்சும் அழிச்சிட்டேனா மாமா?" என்றபோது அவள் குரல் உடைந்திருந்தது. பென் டிரைவ் கெட்டுவிட்டதோ என்று எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. வேறு பிரதி ஏது?

கடைசியில், முகவரியைத் திறக்கச் சொல்லாமல் திரையில் எழுதிக் காட்டச் சொன்னாள். முதல் வரியில் 'ஈ' மட்டும். அடுத்த வரியில் 'ஓவல்'. பிறகு ஓர் இடைவெளி; அதன்பின் 'ஹோடர்'. நாவலின் நாவை யாரோ அறுத்துவிட்டார்கள்!

சங்கதி இதுதான். பைத்தானில் பின்சாய்கோடு ஓர் எழுத்தல்ல. அடுத்த எழுத்துக்கு இடும் கட்டளை. அதன் பின்னால் 'என்' வந்தால் புது வரிக்குப் போ. 'டி' வந்தால் தள்ளி எழுது. நாவலின் முதல் எழுத்தும் தொடரின் முதல் எழுத்தும் அவையாகவே அமைந்துவிட்டன. விண்டோஸுக்கோ அதே கோடு அறைக்கும் அறைக்கும் நடுவிலுள்ள சுவர்.

ஒரு வேலைக்காரனுக்கு இரண்டு எஜமானர்கள் வந்த கதை வேடிக்கையானது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த சி மொழி அந்தக் கோட்டைக் கட்டளைக்கு வைத்துக்கொண்டது. அதற்கு மூத்த பி மொழியில் அந்த வேலையை நட்சத்திரக்குறி பார்த்தது. 1981-ல் வந்த எம்எஸ்-டாஸில் ஃபோல்டர்களே இல்லை. நேர்ச்சாய்கோட்டை வேறு உபயோகத்துக்குக் கொடுத்திருந்தார்கள். 1983-ல் இரண்டாம் பதிப்பில் ஃபோல்டர்கள் வந்தபோது யூனிக்ஸ் பிரிப்பதற்குப் பயன்படுத்திய அந்தக் கோடு காலியாக இல்லை. எதிர்ப்பக்கம் சாய்ந்ததை எடுத்துக்கொண்டார்கள். (ஜப்பானியத் திரைகளில் அதே கோடு யென் நாணயக் குறியாகத் தெரியும். அவர்கள் கோப்புக்குக் கோப்பு பணம் வைத்துப் போகிறார்கள்!)

எனக்கு இதில் இன்னொன்று பட்டது. 'நாளை வருகிறேன் என்றான்' என்று எழுதுகிறோம். 'நாளை வருகிறேன்' வரைக்கும் நானே வருவதாகத் தோன்றும். 'என்றான்' வந்ததும் வாசகர் மனம் திரும்பிப் போய்த் திருத்திக்கொள்கிறது. நம் பாஷையில் எச்சரிக்கை பின்னால்தான் வருகிறது. ஓலையில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்கமாட்டார்கள். படிப்பவர் தாமே வைத்துப் படிப்பார். கணினி மொழி நம் வாசகரை நம்புவதுபோல் எவரையும் நம்புவதில்லை. முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆகையால் அந்தக் கோட்டையே குறிப்பிட வேண்டுமானால் இரண்டு முறை போட வேண்டும். அல்லது மேற்கோளுக்கு முன் 'ஆர்' என்று ஓர் எழுத்தை நிறுத்தி, 'எழுதியபடியே படி' என்று சொல்லலாம். அப்போதும் கடைசி எழுத்தாக ஒற்றைக் கோடு நிற்கக்கூடாதாம், மேற்கோளை மூடவிடாதாம். என்ன பிடிவாதம்!

அதைத் திட்டவும் மனம் வரவில்லை. அதே கோட்டுக்குப் பின் 'யு', பூஜ்யம், பி, எட்டு, ஐந்து என்று போட்டால் திரையில் 'அ' வந்து நிற்கிறது. அதை அவள் போட்டுக் காட்டினாள்.

நேர்ச்சாய்கோட்டையும் விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும் என்பதால் அவள் கோடுகளை மறுபக்கம் சாய்த்தாள். இம்முறை ஃபோல்டர் முழுவதையும் வரிசையாக எடுக்கச் சொன்னாள். 52 வாரமும் கண் இமைப்பதற்குள் ஒன்றாயின. படித்துப் பார்த்தேன். இயந்திரம் எண்ணையும் எழுத்தாகவே பார்த்திருக்கிறது. ஒன்றுக்குப் பின் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று போய், இரண்டாம் வாரம் வெகு பின்னால் வருகிறது. பதினைந்தாம் வாரத்தில் கல்யாணம் ஆன கதாநாயகி, அதற்கப்புறம் அவனைப் பஸ் நிலையத்தில் முதன்முதலாகச் சந்தித்து வெட்கப்படுகிறாள்.

"இப்படியே விட்டுடலாம் மாமா, நவீன நாவல்னு சொல்லுவாங்க" என்றாள்.