பாலையில் ஒரு நிழல்

குருத்துவக் கல்லூரியில் நாம் மெய்யியல் படித்தோம், இறையியல் படித்தோம். ஆனால் ஒரு சறுக்குமரத்தின்மேல் கையை வைத்துப் பார்த்த பின்னரே குழந்தையை அதன்மேல் ஏற்ற வேண்டும் என்பதை நமக்கு எவரும் சொல்லித் தரவில்லை. ஐம்பது வயதைக் கடந்த பிறகு, கடல் கடந்து ஒரு பாலைவன நகரத்தில், மூன்று வயதுப் பேத்தி ஒருத்தி பட்ட துன்பத்தால் அதைக் கற்றுக்கொண்டோம். கற்றதை மறைக்காமல் எழுதுவதே முறை என்று தோன்றியதால் இதனை எழுதுகிறோம்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கி ஐந்து வாரங்கள் துபாய் நகரில் நம் தங்கை மகளின் இல்லத்தில் தங்கியிருந்தோம். கணவன் மனைவி இருவரும் பணிக்குச் செல்பவர்கள். குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தாள். ஆகவே பிற்பகல் வேளைகளில் குழந்தையும் நாமுமாக இருந்தோம். 'சாமித் தாத்தா' என்பது அவள் நமக்கு இட்ட பெயர்.

வீடு ஏழாவது மாடியில். சன்னல்கள் திறப்பதில்லை, குளிர்சாதனம் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். குழந்தை வரவேற்பறைக்கும் படுக்கையறைக்கும் இடையே ஓடுவாள்; மெத்தையில் குதிப்பாள்; கீழ்வீட்டார் முறையிடுவார்களோ என்று தாய் அஞ்சுவாள். வாரத்தில் ஒருநாள் பெரிய வணிக வளாகம் ஒன்றிலுள்ள விளையாட்டுக் கூடத்திற்கு அழைத்துச் செல்வார்கள். அங்கே மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். வண்ணப் பந்துகள் நிறைந்த தொட்டி, பஞ்சு வைத்துத் தைத்த சுவர்கள், காதைப் பிளக்கும் இசை. மணல் இல்லை, காற்றில்லை, எறும்பு கூட இல்லை.

நமக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளையை இப்படிப் பெட்டிக்குள் அடைத்து வளர்க்கிறாயே, நீயெல்லாம் வெயிலில் புழுதியில் புரண்டு வளர்ந்தவள்தானே?" என்று கேட்டோம். "மாமா, இந்த ஊர் வெயில் வேற மாதிரி. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள். அக்கினி நட்சத்திரத்தில் மிதிவண்டியில் ஊர் ஊராகத் திரிந்த நம்மிடம் வெயிலைப் பற்றிப் பேசுகிறாளே என்று உள்ளுக்குள் நகைத்தோம். அந்த நகைப்பில் இருந்தது செருக்கு என்பதை இப்போது அறிவோம்.

அடுத்த நாள் பிற்பகல் நான்கரை மணிக்குக் குழந்தையை அழைத்துக்கொண்டு, குடியிருப்புகளுக்கு இடையே இருந்த சிறு பூங்காவிற்கு இறங்கினோம். அழகான பூங்கா. பச்சை, சிவப்பு, நீல நிறங்களில் பிளாஸ்டிக் சறுக்கு; கீழே விழுந்தாலும் அடிபடாதபடி ரப்பர் தரை; சுற்றிலும் வரிசையாகப் பேரீச்ச மரங்கள். ஒரு குழந்தையும் அங்கே இல்லை. இத்துணை நல்ல இடம் வீணாகக் கிடக்கிறதே என்று வருந்தினோமேயன்றி, ஏன் ஒருவரும் இல்லை என்று நாம் கேட்கவில்லை. பேத்தி ஆவலோடு படியேறி, மேற்கு நோக்கியிருந்த அந்தச் சறுக்கில் அமர்ந்தாள். அமர்ந்தவள் சறுக்கவில்லை. சறுக்கைப் பற்றிக்கொண்டு அப்படியே இருந்து அலறினாள். நாம் ஓடிச்சென்று தூக்கிய சில நொடிகளுக்குள் இரு தொடைகளின் பின்புறமும் சிவந்து போயின.

அருகிலிருந்த குழாயைத் திறந்து நீர் விடலாம் என்று ஓடினோம். குழாய் நீரே கொதித்தது! அங்கே கோடையில் மொட்டை மாடித் தொட்டியில் தங்கும் நீர் பகலெல்லாம் வெயிலில் காய்கிறது. வெந்நீர்க் கலத்தை அணைத்து வைத்து, அதனுள் ஆறிய நீரைத் தண்ணீராகப் பயன்படுத்தும் வீடுகள் அந்நாட்டில் உண்டு என்பதைப் பின்னர் அறிந்தோம். எதிர்க் கட்டடத்திலிருந்து அலறலைக் கேட்டு ஓடிவந்த மலையாளத் தாய் ஒருவர், தம் வீட்டுக் குடிநீரைக் கொணர்ந்து, இருபது நிமிடங்கள் பொறுமையாக ஊற்றிக்கொண்டே இருந்தார். அவரும் நம்மைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை.

மாலையில் தங்கை மகள் வந்தாள். கொப்புளங்களைப் பார்த்தாள், கண் கலங்கினாள், "விடுங்க மாமா, தெரியாமத்தானே?" என்றாள். திட்டியிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும். இரண்டு வாரங்களில் புண் ஆறிவிட்டது. ஆனால் அந்த இரண்டு வாரங்களும் குழந்தை குப்புறப் படுத்தே உறங்கினாள். இரவில் அந்தக் கோலத்தைப் பார்க்கும்போதெல்லாம், நாம் நம் அனுபவத்தை அறிவென்று எண்ணிக்கொண்டிருந்தோம் என்பது தெளிவாயிற்று.

அதன்பின்னரே கேட்டும் படித்தும் அறிந்துகொண்டோம். வானிலை அறிக்கை 42 டிகிரி என்று கூறினால் அது நிழலில் காற்றின் வெப்பம். வெயிலில் கிடக்கும் பொருளின் வெப்பம் வேறு. பாலைவன நகரமான பீனிக்ஸ் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு ஜூன் இறுதி தொடங்கித் தொடர்ந்து 31 நாள்கள் அங்கே 43 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தது. அம்மாநிலத்து ஆய்வாளர்கள் குழந்தைகளின் விளையாட்டுத் திடல்களில் வெப்பத்தை அளந்தபோது, நேர்வெயிலில் கிடந்த ரப்பர் தரை 80 டிகிரியையும் தாண்டியிருக்கக் கண்டார்கள். இரும்பு மட்டுமே சுடும், பிளாஸ்டிக்கும் ரப்பரும் சுடா என்பது நம்மில் பலரது எண்ணம். அது பிழை. செயற்கைப் புல்லும் அவ்வாறே காயும். 60 டிகிரி வெப்பமுள்ள பரப்பில் குழந்தையின் மென்தோல் புண்ணாவதற்குச் சில நொடிகள் போதும். அதிலும் மிகச் சிறிய குழந்தைகள், சுட்டவுடன் விலகிக்கொள்ளத் தெரியாமல் இருந்த இடத்திலேயே இருந்து அழுவார்கள். நம் பேத்தி அதைத்தான் செய்தாள்.

குழந்தையின் உடலும் நம் உடலைப் போன்றதன்று. எடையோடு ஒப்பிட்டால் அதன் தோற்பரப்பு மிகுதி; வியர்வை குறைவு; தரைக்கு அருகில் நிற்பதால் தரையின் அனல் நேரே முகத்தில் அடிக்கிறது. துபாயோ கடற்கரை நகரம். ஈரக் காற்றில் வியர்வை உலர்வதில்லை, உடல் குளிர்வதில்லை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்குவதை அந்நாட்டு அரசு தடை செய்திருக்கிறது. உழைத்து உரமேறிய உடல்களுக்கே அந்தக் காப்பு தேவைப்படுகிறது எனில், மூன்று வயதுக் குழந்தைக்கு எவ்வளவு தேவை?

புண் ஆறிய பின் தங்கை மகள் சொன்னாள்: "மாமா, இனி சேர்ந்தே தேடுவோம்." எஞ்சிய இரு வாரங்களின் விடுமுறை நாள்களெல்லாம் நல்ல விளையாட்டிடம் தேடும் பயணமாயின. (2022 தொடங்கி அங்கே சனியும் ஞாயிறும் வார விடுமுறை.) ஊஞ்சல்கள் எத்தனை, சறுக்கு எவ்வளவு உயரம் என்று அவள் பார்க்கவில்லை. முதலில் நிழலைப் பார்த்தாள். பேரீச்சை நெடிதுயர்ந்து நிற்கும். ஆனால் அதன் நிழல் ஒரு பாய் அளவே. அதுவும் நகர்ந்துகொண்டே இருக்கும். மேலே நிழல்வலை கட்டியிருந்தால் நன்று. எனினும் அந்நாட்டில் ஜூன் மாத நண்பகல் ஞாயிறு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. மாலையிலோ மேற்கிலிருந்து சாய்வாக வலைக்கு அடியில் நுழைகிறது. ஆகவே கூரையும் வேண்டும், மேற்கில் ஒரு மறைப்பும் வேண்டும். அடுத்து, தரை என்ன என்று பார்த்தாள். பின்பு சறுக்கு, ஊஞ்சல் இருக்கை, கைப்பிடிச் சங்கிலி ஆகிய ஒவ்வொன்றிலும் புறங்கையை வைத்து மெல்ல ஐந்து வரை எண்ணினாள். தன் கை தாங்காத இடத்தில் குழந்தையை விடவில்லை. குடிநீர் எங்கே, குளிர்ந்த அறை எவ்வளவு அருகில் என்பதைக் கடைசியில் பார்த்தாள். இவ்வளவும் முடிய இரண்டு நிமிடங்கள் ஆயின. அந்த இரண்டு நிமிடங்களை அன்று நாம் செலவிடவில்லை.

இடத்தைப் போலவே வேளையும் முதன்மை என்று அறிந்தோம். 2005இல் திறக்கப்பட்ட சபீல் பூங்காவிற்கு ஓரிரவு எட்டு மணிக்குச் சென்றோம். பகலில் ஆளரவமற்றுக் கிடந்த புல்வெளியில் கூடை கூடையாக உணவோடு குடும்பங்கள். அரபு மொழியும் உருதுவும் மலையாளமும் தமிழும் கலந்து ஒலிக்க, பத்து மணிக்கும் குழந்தைகள் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தார்கள். எட்டு மணிக்குக் குழந்தையை உறங்கச் செய்யாத தாய்மாரைக் குறை கூறும் நம் வழக்கத்தை அன்றோடு விட்டோம். கோடையில் பாலையின் பகல், இரவில்தான் தொடங்குகிறது.

பழைய அல் ஃபாஹிதி குடியிருப்புக்கும் சென்றோம். காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்கும் கோபுரங்கள், தடித்த சுவர்கள், இருவர் அருகருகே நடக்கும் அளவே உள்ள சந்துகள். ஒரு சுவரின் நிழல் எதிர்ச் சுவரைத் தொடும்படி கட்டியிருக்கிறார்கள். பேத்தி அச்சந்துகளில் முன்னும் பின்னும் ஓடி மகிழ்ந்தாள். விளையாட்டுப் பொருள் என்று அங்கே ஒன்றும் இல்லை. மின்சாரமும் குளிர்சாதனமும் இல்லாத காலத்தில் அந்நாட்டுக் குழந்தைகள் எங்கே விளையாடியிருப்பார்கள் என்ற நம் கேள்விக்கு விடை அங்கே கிடைத்தது.

இறுதியாக ஒரு சனிக்கிழமை காலையில், வாயில் திறந்த உடனேயே முஷ்ரிஃப் பூங்காவிற்குள் நுழைந்தோம். அங்கே இயற்கையாய் வளர்ந்த மரங்கள் காடாக நிற்கின்றன. 'காஃப்' என்று அவர்கள் அழைக்கும் அம்மரத்தை 2008இல் தேசிய மரமாக அறிவித்திருக்கிறார்கள். சிற்றிலைகளையும் சிறு முட்களையும் உற்றுப் பார்த்த நமக்கு வியப்பு. அது நம் வன்னி மரம்! நம் நாட்டில் எத்தனையோ கோவில்களில் தலமரமாக நிற்கும் அதே வன்னி. நம் கண்மாய்களையெல்லாம் கைப்பற்றிக்கொண்ட சீமைக் கருவேலத்தின் உறவினம். ஆனால் குணத்தில் வேறு. மற்றப் பூங்காக்களின் புல்லுக்கும் பூவுக்கும் கழிவுநீரைத் தூய்மைப்படுத்திக் குழாய் வழியே நாள்தோறும் ஊட்டுகிறார்கள். வன்னியோ வேரை ஆழத்தில் இறக்கித் தன் நீரைத் தானே தேடிக்கொண்டு, கடுங்கோடையிலும் பச்சையாய் நிற்கிறது. முள்ளுக்கு அஞ்சிக் காலணியைக் கழற்றாமல், நிழலில் குளிர்ந்திருந்த மணலில் பேத்தி அமர்ந்தாள். சுள்ளி பொறுக்கி வீடு கட்டினாள், எறும்பு பார்த்தாள், மணலை நம் தலையில் தூவினாள். ஒரு மணி நேரம் கழிந்து, வெயில் ஏறவே புறப்பட்டோம். "நாளைக்கும் வரலாமா, சாமித் தாத்தா?" என்று கேட்டாள்.

வாசக அன்பர்களே, கதை இத்துடன் முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டோம். ஊர் திரும்பிய மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பங்கின் தொடக்கப்பள்ளி வளாகத்தில் நின்றோம். இடைவேளை. பிள்ளைகள் நூறு பேர், கட்டடச் சுவரை ஒட்டிய ஒரு முழ நிழலில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். வளாகத்தின் நடுவே இரும்புச் சறுக்கும் ஊஞ்சலும் வெறுமையாய் நின்றன. அவற்றை நிறுத்தியவர் நாமே. பொறுப்பேற்ற மறு ஆண்டில், சருகு விழுகிறது, வேர் சுவரைப் பெயர்க்கிறது என்று இரண்டு வேம்பையும் ஒரு பூவரசையும் வெட்டி, சிமென்ட் தளம் போட்டு, கொடையாளர் ஒருவரின் உதவியால் அவற்றை நிறுவித் திறப்பு விழாவும் நடத்தினோம். 'மரம் இருக்கட்டுமே' என்று தலைமையாசிரியையான அருள்சகோதரி அன்றே சொன்னார், நாம் கேட்கவில்லை. ஆண்டுகள் பல அந்த வரிசையை நாள்தோறும் பார்த்துவிட்டு, 'இக்காலப் பிள்ளைகளுக்கு ஓடியாட மனமில்லை' என்று பெற்றோர் கூட்டத்தில் பேசியும் இருக்கிறோம்.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். பாலை தனியே ஒரு நிலமன்று. நிழலை இழந்த நிலம். வேறொரு நாட்டார் பாலையில் நிழலை உண்டாக்கப் பாடுபடும்போது, நாம் நிழலிலிருந்து ஒரு பாலையை உண்டாக்கி, அதற்கு நாடாவும் வெட்டியிருந்தோம்.

அருள்சகோதரியிடம் சென்று நம் தவற்றை ஒப்புக்கொண்டோம். அவர் சிரித்துவிட்டு, கீற்று முடையத் தெரிந்தவர்கள் யார் யார் என்று பெயர் சொன்னார். அந்த வாரமே சறுக்கின்மேல் தென்னங்கீற்றுப் பந்தல் எழுந்தது. சறுக்கை வடக்கு நோக்கித் திருப்பினோம். சிமென்ட் தளத்தைப் பெயர்த்து மணல் பரப்பினோம். ஐப்பசி மழையில் மேற்கு ஓரமாகப் பூவரசம் போத்துகளும் வேப்பங்கன்றுகளும் நட்டோம்.

குருக்களின் வாழ்வில் மாற்றல் வராமல் இருப்பதில்லை. 2025இல் நமக்கும் வந்தது. விடைபெற்ற நாளில் பூவரசு நம் தலையைத் தாண்டியிருந்தது, வேம்பு இடுப்பளவே. அதன் நிழலில் விளையாடப் போகும் பிள்ளைகளை நாம் காணப் போவதில்லை. நாம் வெட்டிய வேம்பை நட்டவரும் அப்படித்தான் போயிருப்பார்.

புதிய பங்கிற்கு வந்த அன்று, பொருள்களை இறக்கி வைக்கும் முன்பே பள்ளி வளாகத்திற்கு நடந்தோம். அங்கிருந்த சறுக்குமரத்தின்மேல் புறங்கையை வைத்து எண்ணத் தொடங்கினோம். இரண்டுக்குமேல் எண்ண முடியவில்லை. மழைக்கு முன்பே குழி தோண்டியாக வேண்டும்.