அறுபத்தொன்றாவது பிள்ளை

மாநகராட்சிப் பள்ளியைப் பற்றி நம் இல்லங்களில் பேச்சு எழும்போதெல்லாம், "அங்கே யார் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள்?" என்னும் வினாவே முதலில் வருகிறது. வடசென்னையில் நாம் வாழும் பகுதியின் நடுநிலைப் பள்ளியில் பயில்வோர் சுமை தூக்குவோர், தள்ளுவண்டி வணிகர், வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஆகியோரின் மக்கள். பிழைப்புத் தேடிப் பீகாரிலிருந்து வந்த குடும்பங்களின் சிறாரும் உளர். அவர்களுட் சிலர் நம் பேரப்பிள்ளைகளைவிடத் திருத்தமாகத் தமிழ் எழுதுகின்றனர் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. சற்றே வசதி கண்ட குடும்பங்கள் மெட்ரிக் பள்ளிகளை நாடிச் சென்றுவிட்டன.

செல்வது அவரவர் உரிமை. ஆயினும் அவ்வாறு செல்லும் பிள்ளையோடு ஓர் ஆசிரியரும் சென்றுவிடக்கூடும் என்பதைப் பலர் அறியார். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, முதல் ஐந்து வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள்; 61ஆவது பிள்ளை சேர்ந்தால் மூன்றாமவர் உண்டு. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் எண்ணிக்கை 100ஐத் தாண்டினால்தான் முழுநேரத் தலைமையாசிரியரையும், ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர்களையும் அச்சட்டம் வற்புறுத்துகிறது. எண்ணிக்கை குறைந்தாலோ, இருக்கும் ஆசிரியர் 'உபரி' எனப்பட்டுப் பணிநிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்பப்படுவார்.

நம் தெருத் தையற்காரர் ஒருவரிடம் இதை எடுத்துரைத்தோம். "வாத்தியார் இல்லேன்னுதான் பாய், நாங்க அங்கே அனுப்புறதில்லை" என்றார் அவர். அதுவும் நியாயமே. பிள்ளைகள் குறைந்ததால் ஆசிரியர் போனார் என்று அவரிடம் வாதாடிப் பயனில்லை. தம் மகளின் ஓராண்டை அவர் பணயம் வைக்க முடியாது.

ஆனால் ஆறாம் வகுப்பைப் பற்றி அவர் அறியாத செய்தி ஒன்று இருந்தது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. கல்லூரி செல்லும் அரசுப் பள்ளி மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தது. இரண்டுக்கும் வைக்கப்பட்ட நிபந்தனை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. (பின்னையதை 2024இல் அரசு உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவியர்க்கும் விரித்தனர்.) எட்டாவது வரை தனியார் பள்ளியில் கட்டணம் செலுத்திவிட்டு, இயலாமற் போய் ஒன்பதாவதில் திரும்பிவரும் பெண்பிள்ளைக்கு இவை கிட்டா. நம் சமுதாயத்தில் அப்படித் திரும்பிவருவோர் சிலரல்லர்.

தையற்காரர் இயந்திரத்தின் மிதியை நிறுத்திவிட்டு, "ஆறாவதிலிருந்தா?" என்று இருமுறை கேட்டார். அவருடைய இளைய மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. மாற்றுச் சான்றிதழ் வாங்குவது குறித்து வீட்டில் கலந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.