மூன்று ரூபாய்

2021 ஆகஸ்ட் 9. ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் அரசுக் கடன் என்று வெள்ளை அறிக்கை வெளியிட்டார் தமிழ்நாட்டின் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன். டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "நாம எப்படா வாங்கினோம்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

நாலே நாளில் பட்ஜெட். பெட்ரோலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் வரிக்குறைப்பு. கஜானா காலி என்றவர் இப்படிச் செய்கிறாரே என்று முதலில் எரிச்சல்தான். மறுநாள் பெட்ரோல் பங்க் மீட்டரில் லிட்டர் விலை நூறுக்குக் கீழே இறங்கியிருந்தபோது, பின்னால் நின்ற டெலிவரி பையன் அதை போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். எரிச்சல் பாதியாகிவிட்டது.

மத்திய அரசு போடும் செஸ், சர்சார்ஜில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது என்று அமைச்சர் விடாமல் பேசினார். அதில் நான் முழுக்க அவர் பக்கம். ஜிஎஸ்டி கவுன்சிலில் கோவாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே எடையுள்ள ஓட்டா என்று கேட்டதில் மட்டும் எனக்கு இன்னும் ஒரு உறுத்தல். மக்கள்தொகைதான் அளவுகோல் என்றால், நாளைக்கு உத்தரப்பிரதேசத்தின் முன் நம் கதி என்ன?

2023 மே மாதம் அவரை ஐடி துறைக்கு மாற்றினார்கள். அம்மா இன்னமும் கேட்கிறார், "அந்த ரெண்டரை லட்சம் கொஞ்சமாவது குறைஞ்சுதாடா?"